ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை

தம்பி, உங்களுக்கு ஏதாவது வாசம் வருகிறதா? பெட்ரோல் வாசம்?

இல்லையா? சரி. டீசல் பஸ்ஸில் பெட்ரோல் வாசம் எப்படி வரும், எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். போன மாதத்திலிருந்து இப்படித்தான். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மூக்கு தானாகத் தேடுகிறது. அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளி விடுங்க. போதும், போதும்.

நீங்களும் கோத்தகிரியா? நானும் அங்கேதான். கொழுந்தியா வீடு. என் சம்சாரம் தெய்வானை அங்கே இருக்கிறாள். கூட்டி வரப் போகிறேன். வருவாளா என்று மட்டும் கேட்காதீங்க. சென்னிமலையில் பஸ் ஏறியதிலிருந்து நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தீபாவளிக்குக்கூட என்னை விட்டு இருந்ததில்லை. இப்போது போன் பண்ணினால் ஒரு கேள்வி கேட்கிறாள், 'செரி' என்கிறாள், வைத்துவிடுகிறாள். இன்றைக்கும் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டுவிட்டு யார் பக்கம் தப்பு என்று நீங்களே சொல்லுங்க. சொந்தக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் சாய்வார்கள். வெளியாள் சொன்னால் சரியாக இருக்கும்.

என் பேர் நாச்சிமுத்து. சென்னிமலையில் திரி போடுகிறோம். ஸ்டவ் திரி, அரிக்கேன் திரி, கோயில் விளக்குத் திரி. இப்போது யார் வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் இருக்கிறது? அதனால் பாதி மெஷினில் நாடா ஓடுகிறது. நூல் வாங்குவதும் மெஷினைப் பார்ப்பதும் நான். சரக்கைச் சோதித்து அனுப்புவது தெய்வானை. ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டு வெட்டி, நுனியை மண்ணெண்ணெயில் தொங்க விடுவாள். எண்ணெய் மளமளவென்று மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்தக் கட்டு வாசலைத் தாண்டாது. நான் சிபாரிசு செய்தாலும் தாண்டாது.

மூக்கும் அவளுக்கு அப்படித்தான். பக்கத்து வீட்டில் கேஸ் கசிந்தால் இவள் இங்கே எழுந்து உட்காருவாள். ஒன்றிரண்டு தடவை நிஜமாகவே கசிந்திருந்தது. மற்ற தடவையெல்லாம் ஒன்றும் இல்லை. 'உங்க அக்காளை கேஸ் ஆபீசுல வேலைக்குச் சேத்து விடு' என்று கொழுந்தியாவிடம் சொல்லிச் சிரிப்பேன்.

இனி வண்டிக்கு வருகிறேன். எண்பத்தொன்றாம் வருஷத்து ஜெர்மன் கார். கம்பெனி பேர் எதற்கு, விடுங்க. ஈரோட்டில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் கோழி அடைத்து வைத்திருந்தார்கள் அதில். நான் எடுத்து வந்து உயிர் கொடுத்தேன். பச்சைக் கலர். இரண்டே கதவு. பின் சீட்டில் உட்கார வேண்டுமானால் முன் சீட்டை மடக்கிவிட்டு ஏற வேண்டும். இறங்கவும் அப்படித்தான்.

அதில் நான் ஒரு கொள்கை வைத்திருந்தேன். எல்லாம் ஒரிஜினல். உள்ளூர்ச் சாமான் ஒன்றுகூட ஏறக் கூடாது. முன் சீட்டுத் துணி ஜெர்மனியில் நெய்தது. நூல்காரன் நான் சொல்கிறேன், அந்த மாதிரிக் கட்டம் போட்ட துணியை இங்கே யாரும் நெய்ததில்லை. அதனால் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் யாரையும் உட்கார விடுவதில்லை. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தேன். தெய்வானை பின்னால்தான் உட்காருவாள். அவளும் ஒன்றும் சொன்னதில்லை. அந்தச் சீட்டை மடக்குகிற பிடி மட்டும் உடைந்திருந்தது. லேத்காரர், 'அண்ணா, டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள ஒண்ணு கடைஞ்சு தர்றேன்' என்றார். நான் விடவில்லை. ஜெர்மனிக்குச் சொல்லியிருக்கிறேன், வரட்டும். அதுவரை ஒரு ஸ்க்ரூ டிரைவரை ஓட்டையில் விட்டு நெம்பினால் மடங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். டிரைவர் சீட்டு மடங்காது. டாக்டர் வீட்டில் எப்போதோ வெல்டு வைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எவ்வளவு கவனமான ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த வண்டியில் கார்புரேட்டர் கிடையாது தம்பி. அந்தக் காலத்திலேயே இன்ஜெக்‌ஷன். பின்னால் டேங்க் பக்கத்தில் ஒரு பம்ப். சாவி போட்டதும் வண்டு மாதிரி பாடும். பெட்ரோலை அழுத்தித் தள்ளும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் போகிற ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டால் சொட்டும், அவ்வளவுதான். இதில் ஊசி முனை அளவு விரிசல் போதும், பீய்ச்சி அடிக்கும். கீழேயே எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். அப்புறம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வருகிற பெட்ரோலில் வேறு ஏதேதோ கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு ஆவதில்லை. ஒரு நாள் எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் ஹோஸ் எல்லாம் பித்தவெடிப்புக் கால் மாதிரி கிடக்கிறது. அன்றைக்கே முடிவு செய்தேன், முழுக்க மாற்ற வேண்டும் என்று. மெக்கானிக்கிடம் விடவில்லை. நானே செய்தேன்.

எப்படிச் செய்தேன் என்று கேளுங்க. முதலில் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓட விட்டேன். குழாயில் இருக்கிற பெட்ரோலைக் குடித்துவிட்டு அதுவாக நின்றது. அழுத்தம் போய்விட்டது. பேட்டரி ஒயரைக் கழற்றினேன். ஷெட் கதவு இரண்டையும் திறந்து வைத்தேன். பூஜை விளக்கைக்கூட அணைக்கச் சொன்னேன். பழைய ஹோஸை இழுக்காமல், முனையில் கீறல் விழாமல், பிளேடால் மெதுவாக உரித்து எடுத்தேன். புது ஹோஸ், இன்ஜெக்‌ஷனுக்கென்றே செய்த கனமான ஹோஸ், கோயம்புத்தூரில் அலைந்து வாங்கியது. கிளிப்பும் அதற்கென்றே உள்ளது. சாதாரணக் கிளிப்பின் பல் ரப்பரைக் கடித்துவிடும். இதன் ஓரம் மழுங்கலாக இருக்கும், கடிக்காது. பாருங்க, எந்த இடத்திலாவது அவசரப்பட்டேனா?

ஒரே ஒரு குறை. பழைய ஹோஸ் மேலே நூல் பின்னல் இருந்தது. சாம்பல் கலரில், பார்க்க அவ்வளவு அழகு. புது ஹோஸ் வழவழவென்று கறுப்பு ரப்பர். போட்டதும் எஞ்சினே வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. கோத்தகிரியில் பழைய கார்க்காரர்கள் எல்லாம் கூடுகிற நாள் வந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்துத்தான் மார்க் போடுவார்கள்.

நான் யார்? நூல்காரன். வீட்டில் மெஷின் இருக்கிறது. ஸ்டவ் திரி பின்னுகிற மெஷினில் சாம்பல் சாயம் போட்ட பருத்தி நூலைக் கட்டி, உள்ளே குழலாக இருக்கிற மாதிரி ஓர் உறை பின்னினேன். ஹோஸைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் சட்டை போட்டு, மேலே கிளிப்பை மாட்டி இறுக்கினேன். ஜெர்மன்காரனே வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டான்.

அப்புறம் சோதனை. எஞ்சினை ஓட விட்டு, கீழே வெள்ளைக் காகிதம் விரித்தேன். நெடுநேரம் ஓட விட்டேன். குனிந்து குனிந்து பார்த்தேன். காகிதம் விரித்தபடியே இருந்தது. ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை தம்பி. சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு சொட்டுகூட.

அன்றைக்குக் காலையில் கிளம்பினோம். தெய்வானை பட்டுச் சேலை கட்டியிருந்தாள். பரிசு வாங்கினால் போட்டோ எடுப்பார்கள் இல்லையா? மேட்டுப்பாளையம் வரை ஒன்றும் இல்லை. பாலம் தாண்டி ஏற ஆரம்பித்ததும் பின்னாலிருந்து குரல்.

"ஏனுங்க, பெட்ரோல் நாத்தம் வருதுங்க."

"முன்னால போற வண்டியோடது."

"முன்னால போறது டீசல் வண்டிங்க."

நிறுத்தினேன். வேறு யாராவது நிறுத்தியிருப்பார்களா? நான் நிறுத்தினேன். மூடியைத் தூக்கினேன். கிளிப் ஒவ்வொன்றையும் பார்த்தேன். கீழே குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. "ஒரு சொட்டு இல்ல" என்றேன். கிளம்பினோம்.

குஞ்சப்பனை ஊருக்கு முன்னால் மறுபடியும். இந்தத் தடவை அவள் சேலை முந்தானையை மூக்கில் வைத்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். "தலையச் சுத்துதுங்க. பார்த்துருங்க" என்றாள். பழைய கார் சங்கத்துச் செயலாளர் வேறு போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். "அண்ணா, எங்கீங்க இருக்கறீங்க? கேட் சாத்தப் போறாங்க. உங்க பச்சைக் கிளிக்குத்தான் எல்லாரும் காத்துட்டிருக்காங்க." மறுபடியும் நிறுத்தினேன். மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் சொட்டு இல்லை.

"தெய்வான, உனக்கு மூக்குல பெட்ரோல் பங்க் இருக்குது" என்றேன். சும்மா வேடிக்கையாகத்தான். வழக்கமாகச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பாருங்க, இதோ இந்த வளைவுதான். இல்லை இல்லை, இது இல்லை. அடுத்தது. அங்கே ஓரமாக வண்டி நிறுத்துகிற இடம் இருக்கும், குரங்குகள் உட்கார்ந்திருக்கும். அங்கே வரும்போது எஞ்சின் நல்ல சூடு. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறது. அப்போது எனக்கே லேசாக வாசம் வந்தது. லேசாகத்தான்.

"நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். சாவியை அணைத்தேன். இறங்கினேன்.

"சீட்டை மடக்குங்க. நான் எறங்கறேன்."

"இரு, என்னன்னு பார்த்துட்டு வர்றேன்."

"ஏனுங்க, சீட்டை மடக்குங்க."

"நகராம உக்காரு. ரெண்டு நிமிசம்."

மூடியைத் தூக்கினேன். சூடு முகத்தில் அடித்தது. காற்று கானல் மாதிரி நெளிந்தது. எங்கே, எங்கே என்று தேடுகிறேன். முதல் ஹோஸ், சரி. இரண்டாவது, சரி. கிளிப் எல்லாம் நான் வைத்த இடத்தில் வைத்தபடி. கீழே தரை காய்ந்திருக்கிறது. எனக்கு வேர்த்துவிட்டது தம்பி. இவ்வளவு வாசம் வருகிறது, ஒரு சொட்டுகூட இல்லை என்றால் என்ன அர்த்தம்? பின்னால் அவள் கண்ணாடியைத் தட்டுகிறாள். டப் டப் என்று. நானோ ஒன்றைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போது போய்த் தட்டினால்?

பக்கத்தில் ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றது. தொப்பி போட்ட ஒரு ஆள் இறங்கி வந்தான்.

"சார், சூப்பர் வண்டி! எந்த வருஷம் சார்?"

"எண்பத்தொண்ணு."

"பார்ட்ஸ் எல்லாம் கிடைக்குதா சார்?"

ஒருவன் ஆசையாகக் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? ஹோஸைக் காட்டினேன். "இது பார்த்தீங்களா, நூல் உறை, நானே பின்னுனது" என்றேன். அவன் நன்றாகப் பார்ப்பதற்காகக் குனிந்தான். கையில் சிகரெட் வைத்திருந்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. மூடியை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தேன், எப்படிக் கவனிப்பேன்? பின்னால் தட்டல் நின்றுவிட்டது. அப்பாடா என்று நினைத்தேன்.

அடுத்து ஒரு சத்தம். பிளாஸ்டிக் கிழிகிற சத்தம், அதற்கப்புறம் துணி கிழிகிற சத்தம். நூல்காரனுக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் தெரியும். திரும்பிப் பார்த்தால், தெய்வானை முன் சீட்டின் மேல் ஏறிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி வேறு. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த ஜெர்மன் துணியில் காலை வைத்து மிதித்து, தலைகீழாகக் கதவு வழியாக வெளியே விழுகிறாள். கையை ஊன்றி எழுந்தாள். உள்ளங்கையில் ரத்தம்.

"தெய்வான, துணி!" என்று கத்தினேன். வாயில் அதுதான் வந்தது.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக வந்து அந்த ஆள் கையிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கினாள். பிடுங்கி, மதில் பக்கம் ஓடி, ஈர மண்ணில் போட்டு வெறும் காலால் மிதித்தாள். வெறும் காலால், தம்பி. செருப்பு பின் சீட்டுக்கு அடியில் கிடந்தது.

"ஏம்மா, என்னம்மா..." என்றான் அவன்.

அவள் திரும்பி வந்தாள். நான் பின்னிய உறையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தாள். சரக்குப் பார்க்கிற அதே பிடி. ஓர் அழுத்து அழுத்தினாள். விரலிடுக்கிலிருந்து பெட்ரோல் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது.

"இது நம்ம திரிங்க" என்றாள்.

"திரியில்ல, இது உறை" என்றேன். உண்மையும் அதுதான். திரிக்கு உள்நூல் உண்டு, இதில் கிடையாது. சாயமும் போட்டிருக்கிறேன். ஆனால் அவள் காதில் வாங்கினால்தானே?

தொப்பிக்காரன் பின்வாங்கியபடியே நடந்து வேனில் ஏறிவிட்டான். வேன் கிளம்பிவிட்டது. நான் ஹோஸையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உங்களுக்குச் சொன்னால் புரியும். கிளிப் நல்லது, ஹோஸ் நல்லது, ஆனால் இரண்டுக்கும் நடுவில் நூல் போய்விட்டது. ரப்பரைப் பிடிக்க வேண்டிய கிளிப் நூலைப் பிடித்திருக்கிறது. சூட்டில் நூல் தளர்ந்திருக்கும். கசிந்ததையெல்லாம் உறை குடித்துவிட்டது. அதனால்தான் கீழே விழவில்லை. கண்டுபிடித்துவிட்டேன்! இதைச் சொல்லலாம் என்று திரும்பினால், இந்த மாதிரி ஒரு கோத்தகிரி பஸ் வந்தது. தெய்வானை கையைக் காட்டினாள். ஏறினாள். கையில் ரத்தம், காலில் செருப்பு இல்லை, பெட்ரோல் நாற்றம். கண்டக்டர் ஒதுங்கி வழி விட்டார். அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நான் வண்டியோடு நிற்கிறேன். கூட்டிப் போனவனை நடுமலையில் விட்டுவிட்டுப் போவதா? நீங்களே சொல்லுங்க.

சரி, கோபம் இருக்கட்டும். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு போனதும் முதல் வேலையாக எல்லா ஹோஸையும் மறுபடி கழற்றினேன். உறையை எடுத்துக் குப்பையில் போட்டேன். புது ஹோஸ், புதுக் கிளிப், ரப்பர் மேல் நேராக. எஞ்சின் சூடானதும் ஒவ்வொரு முனையையும் டிஷ்யூ காகிதத்தால் துடைத்துப் பார்த்தேன். காய்ந்த காகிதம். தீயணைக்கிற சிலிண்டர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். ஒரிஜினல் கிடையாது, இருந்தாலும் மாட்டினேன். அவளுக்காக.

சீட்டுத் துணிக்குத்தான் அலைச்சல். அவள் மிதித்த இடத்தில் ஒரு முழம் கிழிந்துவிட்டது. அந்தக் கட்டத்துக்கு நூல் தேடி, சாயம் தேடி, ஒரு கைத்தறிக்காரரிடம் உட்கார்ந்து நெய்து வாங்கினேன். பாருங்க, பழையதையும் புதியதையும் ஒட்டுப் போட்ட ஒரு துண்டு கொண்டு வந்திருக்கிறேன். ஒட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லுங்க பார்ப்போம். தெரியாது. அவளிடம் இதைக் காட்டி, 'போனாப் போகுது, விடு' என்று சொல்லப் போகிறேன். அவள் செருப்பும் பையில் இருக்கிறது.

கொழுந்தியா போனில் சொன்னாள்: "மாமா, வாங்க. ஆனா அந்த வண்டியில வராதீங்க. அக்கா அதப் பார்த்தா உள்ள போய்க் கதவச் சாத்திக்குவா." அதனால்தான் பஸ்ஸில் வருகிறேன்.

தெய்வானை கேட்கிற அந்த ஒரு கேள்வி என்ன தெரியுமா? "வண்டியில என்னென்ன மாத்துனீங்க?" அவ்வளவுதான். நானும் பொறுமையாகச் சொல்கிறேன். ஹோஸ், கிளிப், உறை எடுத்தாச்சு, சிலிண்டர் மாட்டியாச்சு, சீட்டுத் துணி தைத்தாச்சு.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. எல்லாம் பக்கா."

"செரி. வெக்கறேன்."

மறுபடி போன் செய்தால் மறுபடி அதே கேள்வி. அதே 'வேற?' அதே 'செரி'. கிளிப் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக்கூட அனுப்பிவிட்டேன். பார்த்திருக்கிறாள், பதில் இல்லை. இன்னும் எந்த ஹோஸை மாற்றச் சொல்கிறாள்? மாற்ற அதில் ஒரு ஹோஸ்கூட மிச்சம் இல்லையே!

என்ன கேட்டீங்க? பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. பிடியா? எந்தப் பிடி?

ஓ, சீட்டை மடக்குகிற பிடியா. அது இன்னும் வரவில்லீங்க. ஜெர்மனியில் ஒருவர் வைத்திருக்கிறாராம், அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வரும்போது வரட்டும். இதோ, ஸ்க்ரூ டிரைவர் பையிலேயே இருக்கிறது. அதற்கென்ன அவசரம் தம்பி? பின்னால் உட்காருவது அவள் ஒருத்திதானே.

என்னங்க, எழுந்துவிட்டீங்க? கோத்தகிரி இன்னும் வரவில்லையே.